பள்ளி எல்லைக் கோடும் பெற்றோரும்: ஹில்ஸ்பரோ முதல் ஷார்லட் வரை

அமெரிக்காவில் ஒரு குழந்தை எந்த அரசுப் பள்ளியில் படிக்கும் என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரியே தீர்மானிக்கிறது. பள்ளி மாவட்டம் என்ற அமைப்பு தன் பரப்பை வட்டாரங்களாகப் பிரித்து, இந்தத் தெருவுக்கு இந்தப் பள்ளி என்று கோடு போட்டு வைத்திருக்கும். ஒரு பள்ளியில் இடம் போதாமல் போனாலோ, புதிய பள்ளி எழும்பினாலோ கோட்டை நகர்த்த வேண்டி வரும். வரைவு வரைபடம் வெளியாகும்; கருத்துக்கேட்புக் கூட்டம் கூடும்; பெற்றோர் வரிசையில் நின்று ஆளுக்குச் சில நிமிடம் பேசுவார்கள்; பிறகு பள்ளி வாரியம் வாக்களிக்கும். நல்ல பள்ளி என்று விசாரித்து அதிக விலைக்கு வீடு வாங்கியவருக்கு அந்தக் கோடு கிரயப் பத்திரத்தில் எழுதாத ஒரு ஷரத்து.

இந்தக் கோட்டைப் பற்றிப் பேசும் உரிமை பெற்றோருக்கு எப்படி வந்தது, அதை யார் பயன்படுத்தினார்கள் என்பதையே இக்கட்டுரை பார்க்கிறது. உரிமைக்காக நடையாய் நடந்தவர்கள் கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். பின்னாளில் அதை அதிகம் கையாண்டவர்களோ கோட்டால் ஆதாயம் பெற்றவர்கள். இரு தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்த காலமும் ஓர் ஊரில் இருந்தது.

ஹில்ஸ்பரோ: கோட்டுக்கு எதிராக நடந்த தாய்மார்

1954 மே 17 அன்று, பிரவுன் வழக்கில், இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது அரசமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒஹையோ மாநிலத்தில் அத்தகைய பிரிவினைக்கு 1887-லேயே சட்ட ஆதரவு இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் அம்மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள ஹில்ஸ்பரோ என்ற சிற்றூரில் கறுப்பினக் குழந்தைகளுக்கு லிங்கன் பள்ளி; வெள்ளையினக் குழந்தைகளுக்கு வெப்ஸ்டர், வாஷிங்டன் என்ற இரண்டு பள்ளிகள். தீர்ப்பு வந்த பிறகும் வாரியம் அசையவில்லை. ஜூலை மாதம் ஒரு நள்ளிரவில் லிங்கன் பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டது. வைத்தவர் பிலிப் பார்ட்ரிட்ஜ், கவுன்ட்டி என்ற உள்ளாட்சிப் பிரிவின் அரசுப் பொறியாளர், வெள்ளையர். பள்ளி எரிந்துபோனால் பிரிவினையும் ஒழியும் என்று நினைத்தார், சிறைக்குப் போனார். கட்டடத்தைச் செப்பனிட்டு மறுபடி திறந்தார்கள்.

செப்டம்பரில் கறுப்பினக் குழந்தைகள் சிலர் வெப்ஸ்டரில் சேர்க்கப்பட்டனர். சில நாட்களில் வாரியம் அவசரமாகப் புதிய எல்லைகளை அறிவித்தது. லிங்கன் பள்ளிக்கான வட்டாரம் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு துண்டுகள்; கறுப்பினக் குடும்பங்கள் குடியிருந்த தெருக்களைத் தேடித் தேடி வளைத்த வட்டாரம் அது. வெப்ஸ்டருக்குப் போன பிள்ளைகள் லிங்கனுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்த வரைபடத்துக்கு முன் எந்தப் பெற்றோரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை.

தாய்மார் லிங்கனுக்குப் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். பள்ளி நாள்தோறும் காலையில் குழந்தைகளைக் கைப்பிடித்து வெப்ஸ்டர் வாசல் வரை நடப்பார்கள். இடமில்லை என்று பள்ளியில் சொல்லி அனுப்புவார்கள். திரும்பி நடப்பார்கள். மழையிலும் பனியிலும் ஏறக்குறைய இரண்டு பள்ளியாண்டுகள் இது நடந்தது. சமையலறைகள் வகுப்பறைகளாயின, பக்கத்து வில்மிங்டனிலிருந்து குவேக்கர் சமயத்தார் வந்து பாடம் சொல்லித் தந்தார்கள். இதற்கிடையே வழக்கும் போட்டார்கள். அதில் முதல் பெயர் கெர்ட்ரூட் கிளெமன்ஸ். வழக்கறிஞர்களில் ஒருவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி.

மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1956 ஜனவரியில் ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. அமர்வில் இருந்த பாட்டர் ஸ்டூவர்ட், பிரவுன் தீர்ப்பு வந்த பின்னரே இந்த வட்டாரங்கள் உருவாயின என்பதைக் குறிப்பிட்டு, வாரியம் அரசமைப்பைத் தெரிந்தே மீறியது என்று தனியாக எழுதினார். அந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். 1956 ஏப்ரலில் குழந்தைகள் வெப்ஸ்டரில் நுழைந்தார்கள்.

நியூயார்க் மாநிலத்து நியூ ரொஷேலிலும் இதே கதை; அங்கும் பள்ளியின் பெயர் லிங்கன்தான். 1961-இல் நீதிபதி இர்விங் காஃப்மன், 1930-லிருந்தே அங்கு எல்லைக் கோடுகள் இனம் பார்த்து வளைக்கப்பட்டன என்று தீர்ப்பளித்தார். அந்தப் பழைய பள்ளியை அதே இடத்தில் புதிதாகக் கட்டலாமா என்று ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியிருந்தார்கள், பெரும்பான்மை ஆமோதித்தது. அது ஒருவரின் அரசமைப்பு உரிமையைத் தீர்மானிக்க முடியாது என்று நீதிமன்றம் கருதியது. பெற்றோரின் பங்கேற்பைக் கேள்வி கேட்காமல் புகழ்பவர்கள் இந்த வாக்கெடுப்பை மறந்துவிடுகிறார்கள்.

எதிர்த்தரப்பும் தெருவுக்கு வந்தது

1964 பிப்ரவரி 3 அன்று நியூயார்க் நகரில் 4,60,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்குப் போகவில்லை. கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கப் பெற்றோரும் அமைப்புகளும் பிரிவினைக்கு எதிராக நடத்திய புறக்கணிப்பு அது. அடுத்த மாதம் ஏறத்தாழ 15,000 வெள்ளையினப் பெற்றோர், பெரும்பாலும் தாய்மார், புரூக்ளின் பாலம் வழியாக ஊர்வலம் போனார்கள். சில பள்ளிகளை இணைத்து மாணவரைக் கலக்கும் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. எண்ணிக்கையில் முன்னது பல மடங்கு பெரிது. ஆனாலும் இணைப்புத் திட்டம் சொற்பமான பள்ளிகளோடு சுருங்கியது. அந்த ஆண்டே நிறைவேறிய குடிமை உரிமைச் சட்டம், இனச் சமநிலையின்மையைப் போக்குவதற்காக மாணவர்களைப் பள்ளிகளில் ஒதுக்குவது தன் நோக்கத்தில் அடங்காது என்று எழுதிவைத்தது. தாய்மாரின் நடை இரு பக்கத்துக்கும் ஆயுதமாகிவிட்டது.

ஷார்லட்: ஒரே மேசை

வட கரோலினாவின் ஷார்லட் நகரப் பள்ளிகளும் சுற்றியுள்ள மெக்லன்பர்க் கவுன்ட்டியின் பள்ளிகளும் 1960-இல் ஒரே மாவட்டமாக இணைந்தன. இது வெறும் நிர்வாகச் செய்தி போலத் தோன்றும். பின்னால் நடந்தவற்றுக்கு இதுதான் அடித்தளம்.

டேரியஸ் ஸ்வான் இந்தியாவில் பணியாற்றிவிட்டு 1964-இல் ஷார்லட் திரும்பிய பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை ஊழியர். மகன் ஜேம்ஸுக்கு ஆறு வயது. வீட்டுக்கு அருகில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் படித்த செவர்ஸ்வில் பள்ளி இருந்தது. மாவட்டம் அவனை முழுக்கக் கறுப்பினத்தவர் படித்த வேறொரு பள்ளிக்கு ஒதுக்கியது. தந்தை வாரியத்துக்குக் கடிதம் எழுதினார், பயனில்லை. 1965 ஜனவரியில் வழக்கறிஞர் ஜூலியஸ் சேம்பர்ஸ் வழக்குத் தொடுத்தார். அந்த ஆண்டிலேயே சேம்பர்ஸின் காரிலும் வீட்டிலும் குண்டு வெடித்தது. 1971-இல் அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். அவர் வழக்கை விடவில்லை.

1968-69 பள்ளியாண்டில் அந்த மாவட்டத்தில் 107 பள்ளிகள், 84,000-க்கு மேல் மாணவர்கள். நகரத்துக்குள் படித்த கறுப்பின மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், சுமார் 14,000 பேர், முழுவதும் அல்லது 99 சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவர் படித்த 21 பள்ளிகளில் இருந்தனர். நீதிபதி ஜேம்ஸ் மக்மில்லன் எல்லைகளை மாற்றவும் மாணவர்களைப் பஸ்ஸில் அழைத்துச் செல்லவும் உத்தரவிட்டார். 1971 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக உறுதிசெய்தது. ஒட்டாத துண்டுகளைக் கொண்ட வட்டாரங்களையும் பரிகாரமாகப் பயன்படுத்தலாம் என்றது. ஹில்ஸ்பரோவில் பிரிக்கப் பயன்பட்ட அதே உத்தி இங்கே சேர்க்கப் பயன்பட்டது. கோட்டின் வடிவத்தை மட்டும் பார்த்து அது நியாயமா அநியாயமா என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஷார்லட்டில் எதிர்ப்பும் பலமாக இருந்தது. கவலைப்படும் பெற்றோர் சங்கம் என்ற பெயரில் திரண்டவர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். வாரியத் தேர்தலிலும் இடம் பிடித்தார்கள். வாரியம் ஆண்டுதோறும் வரைபடத்தை மாற்றியது. அம்மாற்றங்களில் செல்வர்கள் வாழ்ந்த தென்கிழக்குப் பகுதி தப்பித்துக்கொண்டே போனது. நடுத்தர, உழைக்கும் வர்க்கத்து வெள்ளையர் குடியிருந்த பகுதிகளும் கறுப்பினப் பகுதிகளும் சுமையைச் சுமந்தன.

1973-இல் குடிமக்கள் ஆலோசனைக் குழு அமைந்தது. தலைமை மேகி ரே, முன்னாள் ஆசிரியை. இனக் கலப்பை ஆதரித்தவர், எதிர்த்தவர், தென்கிழக்கின் பணக்காரர், வடமேற்கின் கறுப்பினத்தவர் எல்லாரும் ஒரே குழு. வாரியத்தின் வரைபடத்துக்குக் கருத்துச் சொல்லிவிட்டுக் கலைந்துபோகாமல், வரைபடத்தையே தாங்கள் போட்டார்கள். செல்வர் பகுதிப் பிள்ளைகளும் பஸ் ஏறி, கறுப்பினத்தவரின் பள்ளியாக இருந்த வெஸ்ட் ஷார்லட் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பது அதன் மையம். தென்கிழக்கு சம்மதித்த பிறகு மற்றவர்களால் மறுக்க முடியவில்லை. 1974 ஜூலையில் மக்மில்லன் ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டு வழக்கை முடித்துவைத்தார். 1974 இலையுதிர் காலத்தில் பாஸ்டனில் கலப்புத் திட்டத்தை எதிர்த்துப் பஸ்கள் மீது கல் விழுந்துகொண்டிருந்தபோது, வெஸ்ட் ஷார்லட் மாணவர்கள் பாஸ்டன் மாணவர்களை விருந்தினராக அழைத்து, தங்கள் பள்ளி நடக்கும் விதத்தைக் காட்டினார்கள்.

இந்த வெற்றியை ஊரின் நல்ல மனத்துக்குக் கணக்கு எழுதுவது வழக்கம். மனமும் உண்டுதான். ஆனால் இரண்டு காரணங்கள் அதைவிட முக்கியம். நீதிமன்றம் தலைக்கு மேல் நின்றது. பழைய நிலைக்குத் திரும்பும் வழியை அது அடைத்திருந்தது. மாவட்டம் கவுன்ட்டி முழுவதும் பரவியிருந்ததால் புறநகருக்குக் குடிபெயர்ந்தும் கோட்டிலிருந்து தப்ப முடியாது.

டெட்ராய்ட்டில் தப்ப முடிந்தது. 1974 ஜூலை 25 அன்று, மக்மில்லனின் ஒப்புதலுக்குச் சில நாட்களே முன்பு, மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற வாக்கில் 53 புறநகர் மாவட்டங்களை டெட்ராய்ட்டின் கலப்புத் திட்டத்திலிருந்து விடுவித்தது. மாவட்டத்துக்குள் உள்ள கோட்டை வளைக்கலாம். மாவட்டங்களுக்கு இடையிலான கோட்டைத் தாண்ட, புறநகரும் பிரிவினைக்குக் காரணம் என்று நிரூபிக்க வேண்டும். அந்த ஐந்து பேரில் ஒருவர் பாட்டர் ஸ்டூவர்ட்.

மைக் முன்னால்

1997-இல் ஷார்லட்டில் ஒரு வெள்ளையினத் தந்தை தொடுத்த வழக்கு பழைய உத்தரவுகளைக் கிளறியது. 1999-இல் மாவட்ட நீதிபதி ராபர்ட் பாட்டர் உத்தரவுகளை நீக்கினார். 2002-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. அருகிலுள்ள பள்ளி என்ற முறை திரும்பியது. வெஸ்ட் ஷார்லட் மறுபடி ஏறக்குறைய முழுவதும் கறுப்பின ஏழை மாணவர்களின் பள்ளியாயிற்று.

2007-இல், மாணவரின் இனத்தைக் கணக்கில் கொண்ட சியாட்டில், லூயிவில் நகரங்களின் ஒதுக்கீட்டு முறைகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சியாட்டிலில் வழக்கைத் தொடுத்தது பெற்றோரின் சங்கமே. ஆனால் நீதிபதி கென்னடி தனியாக எழுதிய கருத்தில் ஒரு கதவு திறந்திருந்தது: தனித்தனி மாணவரின் இனத்தைப் பார்க்காமல், வட்டாரங்களின் மக்கள்தொகை நிலவரத்தை மனத்தில் கொண்டு எல்லைகளை வரையலாம். ஆகவே, கலப்பை விரும்பும் மாவட்டத்திடம் எஞ்சிய முக்கியக் கருவி எல்லைக் கோடுதான். கருத்துக்கேட்புக் கூட்டங்கள் இன்று இவ்வளவு சூடாவதற்கு ஒரு காரணம் இது.

மேரிலாந்தின் ஹோவர்ட் கவுன்ட்டி 2019-இல் இதைக் காட்டியது. இனக் கலப்பையும் குறிக்கோளாக வைத்து ஜேம்ஸ் ரவுஸ் 1967-இல் தொடங்கிய கொலம்பியா நகரம் இந்தக் கவுன்ட்டியில்தான் இருக்கிறது. நெரிசலோடு வறுமைச் செறிவையும் குறைக்க, 7,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை இடம் மாற்றும் திட்டத்தைக் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் முன்வைத்தார். கூட்டம் கூட்டமாக வந்து பெற்றோர் பேசினார்கள். பேசியவர்களில் எதிர்ப்பாளர்களே மிகுதி. பயண நேரம், பிள்ளைகளின் நட்பு, வீட்டு மதிப்பு எல்லாம் பேசப்பட்டன. நவம்பரில் வாரியம் நிறைவேற்றிய திட்டத்தில் எண்ணிக்கை சுமார் 5,400.

எதிர்த்தவர் எல்லாரையும் இனவெறியர் என்று தள்ளுவது சோம்பேறித்தனம். புரூக்ளினில் 2015-இல் வசதியானவர்களின் பி.எஸ். 8 என்ற அரசுப் பள்ளி நிரம்பி வழிந்தபோது, அதன் எல்லையில் ஒரு பகுதியை, ஏழை அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகள் படித்த பி.எஸ். 307-க்கு மாற்ற முன்மொழிந்தார்கள். அஞ்சியவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். 307-இன் கறுப்பின, லத்தீன் பெற்றோர், பணக்காரர்கள் வந்து பள்ளியைத் தம் வசமாக்கிக்கொள்வார்கள், தங்கள் பிள்ளைகளுக்கு இடமில்லாமல் போகும் என்றார்கள். அந்தப் பள்ளியில் மகளைச் சேர்த்திருந்த இதழியலாளர் நிக்கோல் ஹன்னா-ஜோன்ஸ் 2016-இல் எழுதிய கட்டுரை இந்த விவாதத்தை நாடறியச் செய்தது. நியூயார்க்கில் எல்லை மாற்றத்துக்குப் பெரும்பாலும் பெற்றோர் அடங்கிய சமூகக் கல்விக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 2016 ஜனவரியில் குழு ஒப்புதல் தந்தது. பேசும் உரிமைக்கும் வாக்களிக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

கூட்டத்துக்கு வருவோரின் எண்ணிக்கையை ஊரின் கருத்தாக எடுத்துக்கொள்வதுதான் இன்றைய நடைமுறையின் பெரிய குறை. இரவுப் பணிக்குப் போகிறவர், ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர், வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர் மைக் முன்னால் வருவதில்லை. அவர்கள் பிள்ளைகளே பெரும்பாலும் கோட்டால் பாதிக்கப்படுகிறார்கள். ஷார்லட் குழு இதை அறிந்திருந்தது. ஆட்கள் தாமாக வருவதற்காகக் காத்திருக்காமல், பகுதிவாரியாகச் சேர்த்து, வரைபடத்தையும் கையில் கொடுத்தது.

ஏழை வீட்டுப் பிள்ளைகள் வருமானத்தில் மேலேறும் வாய்ப்பைப் பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர் 2014-இல் கணக்கிட்டபோது, நாட்டின் 50 பெரிய நகர்ப்பகுதிகளில் ஷார்லட் கடைசியில் நின்றது. அதன் பிறகு நடந்த எல்லை மறுஆய்வின் முடிவாக, 2017-இல் வாரியம் வசதியானவர்களின் காட்ஸ்வால்ட் பள்ளியையும் ஏழைகளின் பில்லிங்ஸ்வில் பள்ளியையும் இணைத்தது: கீழ் வகுப்புகள் எல்லாருக்கும் பில்லிங்ஸ்வில்லில், மேல் வகுப்புகள் எல்லாருக்கும் காட்ஸ்வால்டில். நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் ஊர் 1948-லேயே செய்துகாட்டிய முறை இது. ஒரு காலத்தில் மாவட்டம் முழுவதற்கும் திட்டம் போட்ட ஊரில், இப்போது கலப்பு முயற்சி ஒருசில பள்ளிகளோடு நிற்கிறது.