புதுக்கோட்டை வளரியும் கண்ணப்பர் கணையும்

வேட்டைக் கருவியின் முனை எத்துணை எடையுடையதாதல் வேண்டும் என்னும் ஆராய்ச்சியாற் சிவநெறியில் ஒழுகுவார்க்கு ஆவதென்னை எனச் சிலர் வினவுதல் கூடும். வில்லேந்திய கையினராய்ச் சென்று இறைவனை அடைந்த கண்ணப்ப நாயனாரை நாடோறும் வழிபடும் நாம், அவர் கையிற் பயின்ற கருவியின் இயல்பை அறியாதிருத்தல் முறையன்று. அன்றியும், அவர்தம் அன்பின் பெருமையை விரிக்கப் புகுவார் பலர், அவரைக் கல்வி சிறிதுமில்லாத காட்டு மனிதர் என்று கூறிச் செல்லுதலை வழக்கமாகக் கொண்டுள்ளனர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதைப் புதுக்கோட்டைச் சீமையில் வழங்கிய பழைய வேட்டைக் கருவியொன்றினைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர் ஆட்சியில் நெடுங்காலம் இருந்து, 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த நாடு. 1974 முதல் தனி மாவட்டமாயிற்று. இந்நாட்டுக் கள்ளரும் மறவரும் கையாண்ட படைக்கலங்களுள் வளரி என்பதொன்று. வளைதடி எனவும் அது பெயர்பெறும். 1909ஆம் ஆண்டு தர்ஸ்டன் என்பார் தென்னிந்தியச் சாதிகளைப்பற்றி ஏழு தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலில், புதுக்கோட்டைத் திவான் அவருக்கு எழுதியனுப்பிய குறிப்பொன்று காணப்படுகின்றது. அதன் கருத்து வருமாறு: வளரி பெரும்பாலும் வயிரமேறிய மரத்தாலும், சிறுபான்மை இரும்பாலும் செய்யப்படுவது; பிறைவடிவினது; அதன் இருமுனைகளுள் ஒன்று மற்றதனினும் எடை மிக்கது; வெளிவிளிம்பு கூராக்கப்பட்டது. பயின்றவர் எடைகுறைந்த முனையைக் கையிற் பற்றித் தோளின்மேற் பலகாற் சுழற்றி விசையேற்றிக் குறிநோக்கி வீசுவர். முயல், காட்டுக்கோழி முதலிய சிறு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுதற்கு அந்நாளினும் அது சிற்சில வேளைகளிற் பயன்பட்டது. ஆயினும் அதில் வல்லுநர் அப்பொழுதே அருகிவிட்டனர். குடும்பத்துப் பழைய படைக்கலங்களோடு பூசையறையில் வைக்கப்பட்டு, ஆயுதபூசை நாளில் எடுத்துத் துலக்கப்பெற்று, மீண்டும் தன்னிடம் சேரும் பொருளாக அது மாறிவிட்டது.

அண்மையதாகிய சிவகங்கைச் சீமையிலும் இக்கருவி வழங்கிற்று. ஆங்கிலப் படைத்தலைவராகிய வெல்ஷ் என்பார் 1830இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்பில், வளரி வீசும் முறையைத் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருதுவே என்றும், கைவல்லோர் வீசின் நூறு கெசத் தொலைவிற்குள் அது குறிதப்பாது என்றும் எழுதியிருக்கின்றனர். நூறு கெசம் ஏறத்தாழ 91 மீட்டராகும். பகைவரும் வியக்குமாறு அமைந்தது இக்கைத்தொழில்.

இனி, ஒரு முனை எடைமிக்கதாக அமைக்கப்பட்டமைக்குக் காரணம் யாதெனின், கூறுதும். கோடரியின் கனம் காம்பின் நுனியில் இருத்தலானன்றோ சிறு வீச்சும் பெருவெட்டாகின்றது? அதுபோலக் கைக்குச் சேய்த்தான முனையிற் கனமிருப்பின், சுழற்சியால் அம்முனை மிக்க விசையைப் பெறும். பட்ட இடத்து அவ்விசை முழுவதும் இறங்கும். இதனை அறிந்தே கொல்லரும் தச்சரும் முனையின் எடையை மிகுத்தும் பிடியின் எடையைக் குறைத்தும் வளரியைச் செய்தனர். இஃது எழுதாக் கல்வி, ஆயினும் கல்வியே.

அம்பிற்கும் இவ்விதி ஒருவாற்றாற் பொருந்தும். சிறுவர் வெறும் ஈர்க்கினை எறியின் அது தடுமாறி வீழ்தலையும், நுனியிற் சிறிது களிமண் அப்பி எறியின் நேரே செல்லுதலையும் யாவரும் கண்டிருப்பர். முன்னே கனமிருப்பின், பின்னேயுள்ள இறகு காற்றைப் பற்றி அம்பின் நெறியைத் திருத்தும். ஆதலின் வேட்டையம்பினைச் சீர்தூக்கின், அது சமநிலைகொள்ளும் இடம் நடுவினின்றும் முனைப்பக்கமாக, நீளத்தில் நூற்றுக்குப் பத்து முதற் பதினைந்து பங்குவரை தள்ளி நிற்றல் வேண்டுமென இக்கால வில்லறிஞர் கூறுவர். 75 செ.மீ. நீளமுள்ள அம்பின் நடு 37½ செ.மீ. ஆகும். அதனின்றும் 9 செ.மீ. முன்னே சமநிலைகொள்வது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்காம்.

வேட்டை சட்டப்படி நிகழும் பிறநாடுகளில் இக்காலத்துப் பெரிதும் வழங்கும் அம்புமுனைகள் 100 கிரெயினும் 125 கிரெயினும் எடையுள்ளவை. நம் நாட்டு நிறையில் ஒரு குன்றிமணி ஏறத்தாழ 2 கிரெயின் ஆகலின், இவை முறையே ஐம்பது குன்றிமணியும் அறுபத்திரண்டரைக் குன்றிமணியும் ஆம். கிராம் அளவில் ஆறரையும் எட்டுமாகும். பன்னிரண்டரைக் குன்றிமணி வேறுபாடு பொற்கொல்லர் தராசிற்கன்றி நம் கைக்குப் புலப்படுதல் அரிது. ஆயினும் வில்லாளனுக்கு அது பெரு வேறுபாடே. யாங்ஙனமெனின், ஒரே வில்லினின்று செல்லுங்கால், எடைகுறைந்த முனையுடைய அம்பு விரைந்து சென்று தாழாது நெடுந்தொலைவு செல்லும். ஆயின் தடித்த தோலிலும் என்பிலும் பட்டவுடன் விசை இழக்கும். எடைமிக்க முனையுடையது மெல்லப் புறப்பட்டு விரைவில் தாழும். ஆயின் பட்ட இடத்து ஆழ இறங்கும். கனத்தை வரம்பின்றி மிகுத்தலும் தவறே. நாண் விடுத்த அளவில் தண்டு அளவிறந்து வளைந்து குறி பிறழும். ஆகவே முதலில் தண்டின் உறுதியை நோக்கி, பின் வேட்டைப்பொருளின் உடலையும் தொலைவையும் நோக்கி, முனையைத் தெரிதலும், தூணியிலுள்ள அம்புகளை எல்லாம் ஒரே எடையின ஆக்குதலும் வில்லாளன் கடமையாம்.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கறிந்தவர். முயலை எய்து வீழ்த்திய அம்பையும் யானைமேல் எறிந்து பிழைத்த வேலையும் திருவள்ளுவர் படைச்செருக்கில் ஒப்பவைத்து, பின்னதே இனிதென்றார். முயலுக்கு அம்பும் யானைக்கு வேலுமாகக் கருவி வேறுபட்டமை அங்கே காண்க. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி விடுத்த ஒரு கணை யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாக வன்பரணர் புறநானூற்றிற் பாடினர். புலவர் புனைந்துரையெனினும், ஊடுருவும் ஆற்றலையே வில்லாண்மையின் உயர்வாக அக்காலத்தார் மதித்தனர் என்பது அதனாற் பெறப்படும்.

அம்பு ஆழ இறங்குதல் கொடுமையன்றோ எனின், அற்றன்று. அரைகுறையாகத் தைத்த அம்போடு ஓடிப் புதரில் மறைந்து பன்னாள் நொந்து சாகும் விலங்கின் துன்பமே பெருங்கொடுமை. கொல்லாமையை உயிரெனப் போற்றும் நாம் வேட்டையை உடன்படுகின்றிலேம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் காட்டுயிர் வேட்டையை விலக்கியுள்ளது. எனினும் வேட்டுவர் வாழ்வே வேட்டையாயிருந்த காலத்து, தக்க முனையைத் தெரிந்தெடுத்தல் அவர்தம் அறத்தின் ஒரு கூறாயிருந்தது என்பதை மறுத்தல் இயலாது.

இவ்வறத்தைச் சேக்கிழார் பெருமான் தெளிவுற விளக்கியுள்ளார். திண்ணனாருடன் சென்ற வேடர், யானைக் கன்றுகளைத் தொடர்ந்திலர், இளங்குட்டிகளைக் கொன்றிலர், கருவுற்றுத் தளர்நடையிட்ட பிணைகளை வருத்திலர் எனப் பெரியபுராணம் கூறுகின்றது. தந்தையாகிய நாகன், மைந்தர்க்கு விற்கல்வி தொடங்கும் பருவத்தே வில்விழா எடுத்ததையும் அந்நூல் விரிக்கும். நாணனும் காடனும் பின்வர, நெடுந்தூரம் ஓடி இளைத்து நின்ற பன்றியைத் திண்ணனார் அம்பெய்யாது அணுகி உடைவாளாற் குத்தி வீழ்த்தினர். எதற்கு எக்கருவி என்பதை அறிந்த கை அது. முறைப்படி பயின்று, அளவறிந்து, இரக்கத்தின் வரம்பையும் உணர்ந்த ஒருவரைக் கல்லாதவர் என்றல் எங்ஙனம் பொருந்தும்? நூற்கல்வி இல்லாமை ஒன்று, அறிவில்லாமை மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக்கி உரைப்பது நாயனார்க்கும் இழுக்கு, வேட்டுவக் குடிகளுக்கும் இழுக்கு.

ஆறாம் நாள் திருக்காளத்தியில் நிகழ்ந்ததை இவ்வறிவோடு நோக்குக. இறைவன் திருக்கண்ணிற் குருதி கண்ட நாயனார் முதலில் வில்லையும் அம்பையும் எடுத்து, இது செய்தார் வேடரோ விலங்கோ என நாற்றிசையும் தேடினர். எய்தற்குரிய குறி யாண்டும் இல்லை. பச்சிலை தேடி அப்பினர், அதுவும் பயன்படவில்லை. பின்னர்த் தம் கண்ணையே குறியாக்கி அவ்வம்பினால் இடந்து அப்பினர். அளவறிந்து கணைதொடுத்த கை, தன்பொருட்டு அளவொன்றும் பாராது செய்த செயல் அது. அறியாமையால் நிகழ்ந்ததன்று, அறிந்த கல்வி முழுவதையும் அன்பினிடத்து ஒப்புவித்தமையால் நிகழ்ந்தது. இக்காலத்து ஆவுடையார்கோயில் என வழங்கும் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருப்பெருந்துறையில் ஆட்கொள்ளப்பெற்ற மாணிக்கவாசகர், கண்ணப்பர்தம் அன்புபோல்வது தம்மிடம் இல்லையே எனத் திருக்கோத்தும்பியில் இரங்கியதன் ஆழம் இப்பொழுது நன்கு விளங்கும்.

இறுதியாக ஒன்று கூறி அமைவாம். புதுக்கோட்டைப் பக்கத்து இல்லங்களில் இன்னும் வளரி வைத்திருப்பார் உளராயின், ஆயுதபூசையன்று அதனைத் துலக்குதலோடு நில்லாது, அதன் நீளத்தையும் மொத்த எடையையும், எடைமிக்க முனையினின்று சமநிலைகொள்ளும் இடத்தையும் அளந்து ஓர் ஏட்டில் எழுதிவைப்பாராக. அரைநாழிகை வேலையே அது. இரும்பு துருப்பிடிக்கும், மரம் செல்லரிக்கும். எழுதப்பெற்ற அளவு நிற்கும். அம்முன்னோர் அறிவுடையர் என்பதற்கு அதுவே பின்வருவார்க்குச் சான்றாகும்.