அடிபட்டவளுக்கு எந்த வீடு?

கணவனிடம் அடிபட்டுத் தாய்வீடு திரும்பியவளுக்கு ஊர் ஒரு பெயர் வைத்திருக்கிறது: வாழாவெட்டி. அடித்தவனுக்கு அப்படியொரு பெயரை அது தேடவில்லை. சீரும் நகையும் பாத்திரமும் கொடுத்து மகளை அனுப்பிய குடும்பங்கள், வீட்டை மட்டும் மகன்களுக்கென்றே வைத்துக்கொண்டன. சட்டமும் இந்த வழக்கத்துக்குக் காவல் நின்றது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளை வாரிசாக ஏற்றது. ஆனால் ஆண் வாரிசுகள் தங்கள் பங்கைப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை குடியிருக்கும் வீட்டில் அவள் பாகம் கேட்க முடியாது என்றது அதன் 23ஆம் பிரிவு. மணமாகாதவள், விதவை, கைவிடப்பட்டவள், பிரிந்து வந்தவள் அங்கே தங்கலாம், அவ்வளவுதான். இந்தச் சட்டத்துக்கும் முன்பே, 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குத் தமிழ்நாடு பிறப்புரிமை தந்தது 1989இல். அறுபது ஆண்டுகள் கழித்து வந்த அந்தத் திருத்தமும், அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களை வெளியே நிறுத்தியது.

வீட்டுக்குள் விழும் அடியின் வரலாற்றை நாம் பெரும்பாலும் தண்டனைச் சட்டங்களின் வரலாறாகவே சொல்லிவருகிறோம். மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கி 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வந்த 498ஏ பிரிவு, 1986இல் வந்த வரதட்சணை மரணப் பிரிவு இரண்டும் அவசியமானவை. ஆனால் புகார் கொடுத்த அன்று இரவு அவள் எங்கே படுப்பாள் என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணவாழ்வு கண்ட பெண்களில் இந்திய அளவில் 29 சதவீதமும் தமிழ்நாட்டில் 38 சதவீதமும் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுவதும் வன்முறையை அனுபவித்த பெண்களில் உதவி நாடியவர்கள் 14 சதவீதம். 77 சதவீதம் பேர் யாரிடமும் வாய்திறக்கவே இல்லை. இதைப் பொறுமை என்று புகழ்வது கொடுமை. போக்கிடம் இல்லாதவள் வேறென்ன செய்வாள்? குடிதான் காரணம் என்பார்கள். கை ஓங்குவதற்குக் குடி காரணமாகலாம். மறுநாளும் அவள் அதே வாசலுக்குத் திரும்புவதற்கு அது காரணமாகாது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆய்வு நடத்தி, 2005இல் பொருளியலாளர்கள் பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் வெளியிட்ட முடிவு இதைத் துலக்குகிறது. நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் மணவாழ்வில் உடல் வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். வீடு மட்டும் உள்ளவர்களில் அது 10 சதவீதம், நிலமும் வீடும் உள்ளவர்களில் 7. சொத்துள்ளவர்கள் வசதியானவர்கள் என்பதால் வந்த வேறுபாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. குடும்பத்தின் பொருளாதார நிலையைக் கணக்கில் கொண்ட பின்னும் அது மறையவில்லை.

2005 செப்டம்பரில் இரண்டு கதவுகள் திறந்தன. 9ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அந்த 23ஆம் பிரிவை நீக்கியது. 13ஆம் தேதி ஒப்புதல் பெற்ற குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமையை மனைவிக்குத் தந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபரில். அதே ஆண்டு டிசம்பரிலேயே, மாமியார் பெயரில் உள்ள வீடு அந்தக் கணக்கில் வராது என்று உச்ச நீதிமன்றம் சுருக்கிவிட்டது. கூட்டாக வாழும் நம் நாட்டில் வீடு பெரும்பாலும் பெரியவர்கள் பெயரில்தானே இருக்கும்! 2020இல்தான் அந்தத் தீர்ப்பு திருத்தப்பட்டது. வயதான மாமனார் மாமியார் என்ன ஆவார்கள் என்ற கேள்வி நியாயமானது. மருமகளின் உரிமை அசைக்க முடியாததல்ல, முதியவர்களின் நிம்மதியையும் எடைபோட வேண்டும் என்று அந்த 2020 தீர்ப்பே சொல்கிறது. மகளுக்காகப் பவுன் பவுனாகச் சேர்க்கும் பெற்றோரே, வீட்டுப் பத்திரத்தில் அவள் பெயரையும் எழுதுங்கள்.