ஒரே மிஷன், இரண்டு கரைகள்
(பாலக்காடும் ஆப்பிரிக்கத் தங்கக் கரையும்)

வாளையாரில் வியாபாரம் பார்க்கிறவனுக்கு ஆப்பிரிக்கா எதற்கு என்று நம் சங்கத்துப் பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் பாலக்காட்டுப் பக்கம் பழைய வீடுகளின் கூரையில் கிடக்கிற மங்களூர் ஓட்டையும், மேற்கு ஆப்பிரிக்காவில் விளைகிற கொக்கோவையும் ஒரு காலத்தில் ஒரே கம்பெனி விற்றது. அந்தக் கம்பெனிக்குத் தாய் ஒரு கிறிஸ்தவ மிஷன். ஐரோப்பியர் ஆட்சியும் கிறிஸ்தவமும் ஆப்பிரிக்கச் சமுதாயத்தை என்ன செய்தன என்று தனியாகப் படிப்பதைவிட, நமக்குப் பக்கத்தில் நடந்ததோடு சேர்த்துப் படித்தால் விளங்கும் என்று எனக்குத் தோன்றியது. அதன் பலனே இக்கட்டுரை.

மிஷனும் கம்பெனியும்

சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தில் 1815-இல் தொடங்கப்பட்டது பாசல் மிஷன். தென் ஜெர்மனியின் விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் கைத்தொழில் தெரிந்தவர்களும் இதில் நிறையச் சேர்ந்தார்கள். 1828-இல் நான்கு பேர் தங்கக் கரையில், அதாவது இன்றைய கானா நாட்டில், போய் இறங்கினார்கள். நான்கு ஆண்டு முடிவதற்குள் நால்வரும் இறந்துபோனார்கள். இருந்தும் மிஷன் விடவில்லை. 1834-இல் இன்னொரு குழு நம் மேற்குக் கரைக்கு வந்து மங்களூரில் நிலைகொண்டது. 1839-இல் தலச்சேரி, 1858-இல் பாலக்காடு என்று மிஷன் தெற்கே வளர்ந்தது. அன்றைக்கு மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம்.

1859-இல் மிஷனுக்கென்றே ஒரு வணிகக் கம்பெனி ஏற்பட்டது. லாபத்தில் ஒரு பங்கு மிஷன் வேலைக்குப் போகும். இந்தியாவில் நெசவும் ஓடும், தங்கக் கரையில் பனை எண்ணெயும் பிறகு கொக்கோவும் இதன் சரக்குகள். 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் கோழிக்கோடு, பாலக்காடு என்று பரவியது.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். கானாவின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் சுமார் 71 விழுக்காடு. பாலக்காடு மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, சுமார் 4 விழுக்காடு. கானாவில் பாசல் மிஷனோடு வேறு பல சபைகளும் உழைத்தன; பாலக்காட்டு நான்கில் சிரியன் கிறிஸ்தவர்களே அதிகம். அதையெல்லாம் கழித்தாலும் வித்தியாசம் பெரிசு. ஆனால் இந்த எண்களை மட்டும் பார்த்து, ஆப்பிரிக்கா மாறிவிட்டது, நாம் மாறவில்லை என்று முடிவு கட்டினால் கணக்கு தப்பிப் போகும். எழுத்து, கோர்ட்டு, நிலம் என்ற மூன்று வழியாகவும் ஐரோப்பா உள்ளே வந்தது. ஞானஸ்நானம் வாங்காதவன் வீட்டுக்குள்ளும் வந்தது.

எழுத்து

தலச்சேரியில் இருந்த ஹெர்மன் குண்டர்ட் 1872-இல் மலையாள அகராதியை வெளியிட்டார். இவர் 1836-இல் வந்தவுடன் நம் திருநெல்வேலிப் பக்கம் இருந்து தமிழ் படித்தவர். ஜெர்மன் நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸேவுக்கு இவர் தாய்வழித் தாத்தா. அதே ஆண்டுகளில் தங்கக் கரையில் அதே மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டாலர் என்பவர், அகான் மக்களின் துவி மொழியில் 1871-இல் முழு பைபிளையும், 1881-இல் அகராதியையும் கொடுத்தார். துவிப் பழமொழிகள் சுமார் 3,600-ஐத் திரட்டி அச்சிட்டவரும் அவரே.

இரண்டு பேரும் அரிய உழைப்பாளிகள். ஆனால் பலன் வேறுவேறாக அமைந்தது. குண்டர்ட் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே மலையாளத்துக்கு எழுத்தும் இலக்கியமும் உண்டு. அவர் கொடுத்தது ஏற்கெனவே நிறைந்திருந்த அலமாரியில் இன்னொரு நல்ல புத்தகம். துவி மொழிக்கு ரோமன் எழுத்தே மிஷன் வழியாகத்தான் நிலைபெற்றது. ஒரு மொழி பேசுகிறவர்கள் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெரிய நூல் பைபிள் என்றால், படிப்பும் மதமும் ஒன்றாகவே தெரியும். பள்ளிக்கூடம் போகிறவன் என்றாலே கிறிஸ்தவன் என்று ஆகிவிடும். அங்கே அப்படித்தான் ஆயிற்று.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. துவி பைபிளில் கடவுளுக்கு ஐரோப்பியப் பெயர் இல்லை. அகான் மக்கள் முன்பே வணங்கிய ஒன்யாமே என்ற பரம்பொருளின் பெயர்தான் இருக்கிறது. அதனால் மதம் அந்நியமாகத் தோன்றவில்லை. 1957-இல் வெள்ளைக்காரன் போன பிறகும் சபைகள் வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஊருக்கு வெளியே ஓர் ஊர்

தங்கக் கரையில் மதம் மாறியவர்களைப் பழைய ஊரிலிருந்து பிரித்து, தனித் தெருவாகக் குடிவைத்தார்கள். அதற்குச் சாலேம் என்று பெயர். நம்ம சேலம் இல்லை, எருசலேமின் பழம்பெயர். அங்கே முரசு அடிக்கக் கூடாது. முன்னோருக்கு மது வார்த்து வணங்கக் கூடாது. பிள்ளைகளுக்குப் பள்ளியும் தச்சு, கொல்லு முதலிய தொழிலும் உண்டு. ஊர்த் தலைவனுக்குக் கட்டுப்பட வேண்டுமா, சபை மூப்பருக்கா என்ற சண்டை பல இடங்களில் வந்தது. ஓர் ஊர் இரண்டு ஊரானது.

நம் பக்கம் ஊர் முன்பே இரண்டாகத்தான் இருந்தது. பாலக்காட்டு வயல்களில் செறுமர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை மீது எஜமானுக்குள்ள உரிமையைக் கோர்ட்டு ஏற்காது என்றது. அதே 1843-இல்தான் பாசல் மிஷன், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கறுப்பினக் கிறிஸ்தவக் குடும்பங்களைத் தங்கக் கரைக்குக் கூட்டி வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். கறுப்பனும் கிறிஸ்தவனாக இருக்கலாம் என்பதை அந்த ஊர் அவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

மலபாரில் மதம் மாறியவனுக்கு வேலையும் போகும், நிலமும் போகும். அவனுக்குப் பிழைப்பு வேண்டுமே என்றுதான் நெசவாலையும் ஓட்டு ஆலையும் எழுந்தன. இதில் வரவும் உண்டு, செலவும் உண்டு. எஜமான் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய அவசியம் போயிற்று. மிஷனே முதலாளியும் குருவுமாக ஆனதால், சம்பளம் கூடக் கேட்க வாய் எழாத நிலையும் வந்தது.

மருமக்கள் வழி

இரண்டு கரைக்கும் பெரிய ஒற்றுமை ஒன்று உண்டு. அகான் மக்களிடம் சொத்து தாய்வழியே போகும். அப்பன் சொத்து மகனுக்கு இல்லை, சகோதரி மகனுக்கு. நாயர் தறவாடுகளிலும் இதே மருமக்கத்தாயம்தான். மிஷன்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. கணவன், மனைவி, பிள்ளைகள் என்பதே குடும்பம் என்று அவர்கள் கற்பித்தார்கள். அதைச் சட்டமாக்கியது வெள்ளைக்கார அரசு. தங்கக் கரையில் 1884-இல் திருமணச் சட்டம். மலபாரில் 1896-இல் திருமணச் சட்டம், 1932-இல் மருமக்கத்தாயச் சட்டம்.

கவனியுங்கள், மலபாரில் இந்த மாற்றம் நடந்தது கிறிஸ்தவரல்லாத குடும்பங்களில். இங்கிலீஷ் படித்த நாயர் வாலிபர்களே மனைவி மக்களுக்குச் சொத்து வேண்டும் என்று கேட்டார்கள். 1975-இல் கேரள சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் கூட்டுக்குடும்பச் சொத்துமுறையே முடிந்தது. கானாவில் 1985-இல் வந்த வாரிசுச் சட்டம் மனைவி மக்களுக்குப் பெரும்பங்கு தந்தது. கைம்பெண்ணை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் குறைந்தது, நல்லது. ஆனால் பெண்ணுக்குச் சாகும்வரை தாய்வீடு உண்டு என்ற பழைய பாதுகாப்பும் அதோடு தளர்ந்தது. கோயிலுக்கே போகிற குடும்பத்தின் உள்கட்டுமானத்தைக் கோர்ட்டு மாற்றியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கொக்கோவும் தேயிலையும்

மிஷன் பட்டறையில் கொல்லுத் தொழில் கற்ற டெட்டே குவாஷி என்பவர் 1879-இல் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து கொக்கோ விதை கொண்டுவந்து தம் நிலத்தில் ஊன்றினார். 1911-இல் உலகிலேயே அதிகமாகக் கொக்கோ விளைவிக்கும் நாடு தங்கக் கரை. பயிரிட்டவர்கள் ஆப்பிரிக்க விவசாயிகள், தங்கள் நிலத்தில். வெள்ளைக்காரக் கம்பெனிகள் கூடி விலையைக் குறைத்தபோது, 1937-38-இல் விவசாயிகள் கொக்கோவை விற்காமல் நிறுத்தி வைத்தார்கள். நிலம் கையில் இருந்ததால் அது முடிந்தது.

நம்மவர்கள் ஏராளமாக உழைக்கிற இடுக்கி மலையில் நடந்தது வேறு. 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். பிறகு தேயிலைக் கம்பெனிகள் வந்தன. கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் ஏற்றினார்கள். நான்கு தலைமுறை கொழுந்து பறித்தும் குடியிருக்கும் லயம் அவர்களுடையது ஆகவில்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் போயின. மண்ணுக்குள் போனவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு சென்ட் சொந்தமில்லை.

காலனி ஆட்சியின் தழும்பு எங்கே ஆழம் என்று கேட்டால், அளவுகோல் இதுதான் என்பேன்: நிலம் யார் பெயரில் நின்றது? கென்யாவில் உயர்நிலங்களை வெள்ளைக் குடியேறிகள் எடுத்துக்கொண்டார்கள். அங்கே ரத்தம் சிந்தியே விடுதலை வந்தது.

எல்லைக்கோடு

1884-85-இல் பெர்லினில் கூடிய ஐரோப்பிய அரசுகள் ஆப்பிரிக்காவைப் பங்கு போடுவதற்கு விதி வகுத்தன. ஒரு ஆப்பிரிக்கனும் அங்கே இல்லை. எவே மக்கள் தங்கக் கரைக்கும் டோகோவுக்கும் நடுவே பிளவுபட்டார்கள். 1956-இல் பிரிட்டிஷ் டோகோலாந்தில் வாக்கெடுப்பு நடத்தி அப்பகுதியைத் தங்கக் கரையோடு சேர்த்தார்கள்; எவேக்கள் இன்றும் இரண்டு நாட்டில். அதே 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் வாளையாரில் மாநில எல்லை வந்தது. நம் எல்லையை நாமே, மொழியைப் பார்த்து, வாதாடிப் போட்டோம். தேவிகுளம், பீர்மேடு வழக்கில் தமிழருக்கு மனக்குறை இருந்தாலும், ரயிலில் ஏறிக் கோயம்புத்தூர் போய்வர யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. எவேக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பள்ளி என்ற சொல்

நான் தமிழ்ச் சமணன். பாலக்காட்டு ஜைனிமேட்டில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இன்றும் நிற்கிறது. சுற்றியிருந்த சமணக் குடிகள்தான் அருகிவிட்டார்கள். சமண, பௌத்தத் துறவிகள் தங்கிக் கற்பித்த இடத்துக்குப் பள்ளி என்று பெயர். தமிழில் அது பள்ளிக்கூடம் ஆயிற்று. மலையாளத்தில் கிறிஸ்தவர் தேவாலயமும் பள்ளி, முஸ்லிம் மசூதியும் பள்ளி. கொள்கை குறுகிப்போனது, கற்பிக்கும் இடம் என்ற வழக்கம் பெயரோடு அடுத்தவர் கைக்குப் போயிற்று.

பாசல் மிஷன் கதையும் இப்படியே. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் என்று சொல்லி மிஷனரிகளைப் பிரிட்டிஷ் அரசு இரண்டு கரையிலும் அப்புறப்படுத்தியது. ஓட்டு ஆலைகளும் தங்கக் கரைக் கிடங்குகளும் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கைக்கு மாறின. ஆனால் பள்ளிக்கூடம், அகராதி, மாறிய குடும்பம், மாறிய நில உரிமை ஆகியவை அந்தந்த ஊர்க்காரர்களிடமே தங்கிவிட்டன.

ஆகவே மதம் மாறியவர் எத்தனை பேர் என்று எண்ணிச் சண்டை போடுகிறவர்களிடம் நம் பிள்ளைகள் வேறு இரண்டு கேள்வி கேட்கட்டும். படிக்கிற வாய்ப்பு யாருக்கெல்லாம் திறந்தது? பாடுபட்டவன் பெயரில் பட்டா இருக்கிறதா? முதல் கேள்விக்கு இரண்டு கரையும் ஓரளவு நல்ல பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு மூணாறு லயங்களில் இன்னும் பதில் வரவில்லை.