பாலும் கொலையும்
தீவுகளில் தாய்மை – 9

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் ஒரு பெண் மருத்துவர் பேச எழுந்தார். ஜமைக்காவில் பிறந்து, பிரிட்டிஷ் காலனி அரசின் மருத்துவப் பணியில் இருந்த சிசிலி வில்லியம்ஸ். தம் உரைக்கு அவர் வைத்த தலைப்பு: ‘பாலும் கொலையும்’.

சிங்கப்பூரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிறந்த 1000 குழந்தைகளில் 300-க்கும் மேல் ஒரு வயதைக் காணாமலே இறந்த ஆண்டுகள் உண்டு. தாய்மாரின் அறியாமையே காரணம் என்று சொல்லிக் கடந்துபோவது அதிகாரிகளுக்கு எளிதாக இருந்தது. ஆனால், தாய்மாருக்கு வழி தெரியாமல் இல்லை. மலாய்க் கிராமங்களான கம்பங்களில் பிடான் என்ற மருத்துவச்சி பிள்ளைப்பேறு பார்த்தாள். பிள்ளை பெற்றவள் 44 நாள் நெருப்பருகே அனல்காய்ந்து படுத்திருந்தாள். குழந்தை அவள் மார்பிலேயே கிடந்தது. நகரத்துக் கூலிப்பெண்ணுக்கோ அத்தனை நாள் ஓய்வு ஏது? வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும்.

அந்த இடைவெளியில்தான் டப்பாப் பால் நுழைந்தது. செவிலியர்போல வெள்ளுடை உடுத்திய விற்பனைப் பெண்கள் வீடு வீடாகப் போய், சர்க்கரை சேர்த்த கெட்டிப் பாலைப் பரிந்துரைத்தார்கள். மலிவான வகைகளில் கொழுப்பை எடுத்துவிடுவார்கள். கொழுப்போடு வைட்டமின் ஏ, டி இரண்டும் போய்விடும். மிஞ்சுவது பெரும்பாலும் இனிப்பு. அதைக் குடித்த குழந்தைகளுக்கு எலும்பு வளைந்தது, கண் வறண்டு பார்வை போனது. காசை மிச்சம்பிடிக்கத் தண்ணீரைக் கூட்டினால் பட்டினி. அந்தத் தண்ணீர் அசுத்தமானால் வயிற்றுப்போக்கு. தெரிந்தே இதைப் பரப்புவது கொலைக்குச் சமம் என்று வணிகர்கள் நிறைந்த அந்த அவையிலேயே வில்லியம்ஸ் சொன்னார்.

அவர் ஆத்திரத்தில் கொட்டிய சொற்கள் அல்ல அவை. ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் பணியாற்றியபோது, தாய்ப்பால் மறந்த குழந்தைகளுக்குப் புரதக் குறைவால் உடல் வீங்கும் ‘குவாஷியார்க்கர்’ நோயை 1933-ல் மருத்துவ உலகுக்கு அறிவித்தவர் அவர்.

1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. வில்லியம்ஸ் சாங்கி சிறைக்குப் போனார். சோற்றுக்கே திண்டாட்டமான அந்தச் சிறையில் 20 குழந்தைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன. டப்பாப் பால் இல்லாவிட்டால் பிள்ளை வளராது என்ற விளம்பரத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? போருக்குப் பின், 1948-ல், உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு அவரே முதல் தலைவரானார்.

ஆக, குற்றவாளி தாயின் அறியாமை அல்ல. பெற்றவளுக்கு ஓய்வு தராத கூலிமுறையும், அந்த நெருக்கடியில் லாபம் பார்த்த வணிகமும்தான். இதை உலகம் ஏற்க நாற்பதாண்டுகளுக்கு மேலாயின. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விளம்பரத்துக்குக் கடிவாளம் போடும் நெறிமுறை 1981-ல் உலக சுகாதாரப் பேரவையில் நிறைவேறியது. ஆதரவு 118 நாடுகள். எதிர்த்தது அமெரிக்கா மட்டும். இந்தியா 1992-ல் தனிச் சட்டமே இயற்றியது. தாய்ப்பாலே சிறந்தது என்று பால்மாவு டப்பாவில் இன்று நாம் படிக்கும் அறிவிப்பு அந்தச் சட்டத்தின் கட்டளை.

(தொடரும்)