"எங்க பிள்ளைய வச்சுப் பழகிப் பாக்கப் போறீங்களா?"

மார்க்கையன்கோட்டையில இருந்து வந்த ஒரு அம்மா கேட்டது இது. மகன் பைக்ல விழுந்து தலையில அடி. வெண்டிலேட்டர்ல பத்து நாள். வாய்வழிக் குழாயை எடுத்துட்டு கழுத்துல டிரக்கியாஸ்டமி போடணும்னு சொன்னோம்.

"கலைஞருக்குப் போட்டாங்களே, அதுவா தம்பி?"

2016 டிசம்பர்ல காவேரி மருத்துவமனையில அவருக்குப் போட்டது தமிழ்நாட்டுக்கே தெரியும். "ஆமாம்மா, அதுதான். ஆனா தியேட்டருக்குக் கொண்டு போகாம, ஐசியூ கட்டில்லயே ஊசி மூலமா போடுவோம்"னேன். அப்பத்தான் அந்தக் கேள்வி. நியாயமான கேள்விங்க. இந்தச் சிகிச்சையோட வரலாறே அதுக்குள்ள இருக்கு.

கழுத்தை அறுத்து மூச்சுக்குழாயைத் திறக்கிறது பழைய வைத்தியம்தான். 1909-ல செவாலியர் ஜாக்சன் அதை ஒழுங்குபடுத்தின பிறகுதான் டாக்டர்களுக்கே அதுல நம்பிக்கை வந்துச்சு. அறுக்காம செய்ய 1950-களில் ஷெல்டன் முயன்றார். கூர்மையான கருவி பக்கத்து உறுப்புகளைக் கிழிச்சு உயிர் போனது, முறை கைவிடப்பட்டது.

இதுக்கிடையில 1953-ல செல்டிங்கர் ரத்தக்குழாய்க்கு ஒரு வழி காட்டினார்: முதல்ல ஊசி, ஊசிக்குள்ள கம்பி, கம்பி மேல குழாய். 1985-ல அமெரிக்க நெஞ்சு அறுவை மருத்துவர் சியாக்லியா அதையே கழுத்துக்குக் கொண்டு வந்தார். சிறுநீரகத்துக்கு முதுகு வழியா குழாய் போடுற கருவிகளை எடுத்து, கம்பி மேல ஒண்ணைவிட ஒண்ணு தடிமனா விரிப்பான்களைச் செலுத்தினார். முதல் அறிக்கையில 26 நோயாளிகள், அவ்வளவுதான்! ஆரம்பத்துல அவர் துளைச்சது குரல்வளைக்கு ஒட்டின மாதிரி, கிரிகாய்டு குருத்தெலும்புக்கு நேர் கீழே. பிறகு அந்த இடமும் ஒண்ணு ரெண்டு வளையம் கீழே இறங்குச்சு. ஊசி எங்க போகுதுன்னு உள்ளே இருந்தே பார்க்க பிராங்கோஸ்கோப்பும் சேர்ந்துச்சு.

இப்ப அந்த அம்மா கேள்விக்கு வருவோம். 2000-ல ஒரு அமெரிக்கக் குழு தங்களோட தொடர்ச்சியான 100 நோயாளிகளை எண்ணிப் பார்த்தது. முதல் 20 பேர்ல சிக்கல்கள் தெளிவா அதிகம். அந்த 20 பேரும் யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளைங்கதானே? கை பழகின பிறகு நிலைமை வேற. 2006-ல 17 ஆய்வுகளை, 1,212 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, ஊசி முறையில புண் சீழ் பிடிக்கிறது குறைவு, ரத்தக்கசிவு அதிகமாகல.

அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நீங்களும் கேளுங்க: யார் செய்றாங்க? இதுவரைக்கும் எத்தனை செஞ்சிருக்காங்க? புதுசுன்னா பக்கத்துல பழகினவங்க நிப்பாங்களா? ஏதாவது ஆனா உடனே கழுத்தைத் திறக்க ஆள் இருக்கா? கேட்டா எந்த டாக்டரும் கோவிச்சுக்கக் கூடாது.

அந்த அம்மாகிட்ட என் எண்ணிக்கையைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டாங்க.