நெல்லி, மாத்திரை, உலக்கை: ஆயுள் குறித்த ஒரு கதையாடல்

'ஆன்டி-ஆக்ஸிடன்ட்' என்கிற சொல் மருந்துக்கடை மாத்திரையிலிருந்து சாமை அரிசிப் பொட்டலம்வரை வந்து சேர்ந்துவிட்டது. கொல்லிமலை நாடுகளுள் ஒன்றான திண்ணனூர் நாட்டில் நின்று இச்சொல்லின் வரலாற்றை வாசித்தால் என்ன கிடைக்கும்?

நீண்ட ஆயுள் பற்றிய நமது பழைய கதையாடல் நெல்லிக்கனியில் தொடங்குகிறது. அதியமான் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த கனி. கொடையைப் புகழ்கிற நாம் அதே இலக்கியம் தரும் வேறு செய்திகளை இதோடு சேர்த்து வாசிப்பதில்லை. காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான். அதியமானின் சாவை ஔவையே பாட நேர்ந்தது. கனி யார் வாய்க்குப் போனாலும், ஆயுளைத் தீர்மானித்தவை நிலமும் போரும்தான்.

நவீன அறிவியல் கனியைப் பிரித்து உள்ளிருக்கும் பொருளை எடுத்தது. எலுமிச்சையால் ஸ்கர்வி குணமானதன் காரணம் வைட்டமின் சி என்று தெரிந்தது பெரிய சாதனை. குறைபாட்டுக்கு வைட்டமின் மருந்து, இதில் சந்தேகமில்லை. ஆனால் 1956இல் டென்ஹாம் ஹார்மன், ஃப்ரீ ராடிக்கல்கள் செல்களைச் சிதைப்பதே முதுமை என்ற கருதுகோளை வைத்தார். 1970இல் லைனஸ் பாலிங் வைட்டமின் சி பற்றிப் புத்தகம் எழுதினார். குறை தீர்த்த மருந்து, குறையே இல்லாதவரின் ஆயுளையும் கூட்டும் சரக்காக மாறியது இப்படித்தான்.

சரி, மாத்திரையப் போட்டா ஆயுசு கூடுச்சா? காய்கறி அதிகம் தின்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்று தெரிந்திருந்ததால், பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு சோதனை நடந்தது. 1994இல் முடிவு வெளியானது: பீட்டா கரோட்டின் மாத்திரை தின்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களையும் வைத்து நடந்த இன்னொரு சோதனையில் 28 சதவீதம் கூடுதல்; 1996இல் பாதியில் நிறுத்தினார்கள். காய்கறி தின்பவரின் வாழ்க்கை முழுவதையும் ஒரு மூலக்கூறாகச் சுருக்கியதில் இருந்த பிழை இது.

இப்போது இதே சுருக்கல் தானியத்தின் மேல் நடக்கிறது. கேழ்வரகின் தோலில் பாலிஃபீனால்கள் இருப்பது உண்மை. ஆனால் சோதனைச் சாலையில் அளந்த எண்ணை மனுசனோட ஆயுசுக் கணக்கில் அப்படியே சேர்க்க முடியாது.

கொல்லிமலையில் சாமையும் தினையும் பனிவரகும் சுருங்கியது மலையாளி மக்களின் அறியாமையால் அல்ல. சேலம், நாமக்கல் பகுதிச் சேகோ ஆலைகள் மரவள்ளிக்குக் காசு கொடுத்தன. ரேஷனில் அரிசி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாமையின் உமியை நீக்க உலக்கை பிடித்தவர்கள் பெண்கள். 'பாரம்பரிய உணவு அழிகிறதே' என்று புலம்பும் நமது கட்டுரைகளில் இந்த உழைப்பு பேசப்படுவதே இல்லை. குத்தறது யாருங்க? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே செய்த வேலைகளில் விதைப் பாதுகாப்பைப் போலவே உமி நீக்கும் இயந்திரமும் முக்கியமானது இதனால்தான்.

2023 உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. சாமை நகரத்துக்காரரின் ஆரோக்கியப் பண்டமாயிற்று. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சாமை கீழே போகிறது. அதே வளைவுகளில் ரேஷன் அரிசி மேலே ஏறுகிறது. மாத்திரையை விமர்சிக்கும் நாம், சாமையையும் இன்னொரு மாத்திரையாக ஆக்கிவிடக் கூடாது. அதில் எத்தனை மில்லிகிராம் என்று கேட்கும் முன்பு, விளைவித்தவள் அதைத் தன் வீட்டில் சமைக்கிறாளா, அவள் நிலம் அவளிடம் இருக்கிறதா என்று கேட்போம். ஆயுளைப் பற்றிய பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.