வீடு நகரவில்லை, விலாசம் மாறியது

வரதராஜன்பேட்டையில் எங்கள் பூர்வீக வீடு நாட்டு ஓடு வேய்ந்தது. தெருப்பக்கம் திண்ணை, நடுவில் முற்றம், கொல்லையில் கிணறு. ஊருக்கு வெளியே செம்மண்ணில் எங்கள் முந்திரித் தோப்பு.

இந்த வீட்டுக்கு வந்த பழைய கடிதங்களில் 'உடையார்பாளையம் தாலுகா, திருச்சிராப்பள்ளி ஜில்லா' என்றிருக்கும். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் ஆனோம். 2001-இல் அரியலூர் மாவட்டம். 2002-இல் மறுபடியும் பெரம்பலூர். 2007 நவம்பரில் திரும்பவும் அரியலூர். பிறகு ஆண்டிமடம் தனி வட்டமாயிற்று. வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

எங்கள் தாத்தா இளம் வயதில் புதுச்சேரிக்குப் பஞ்சாலை வேலைக்குப் போனார். அன்றைக்கு அது பிரெஞ்சு ராஜ்ஜியம். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதுச்சேரி அந்நியமில்லை. கும்பகோணம் மறைமாவட்டம் 1899-இல்தான் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் எங்கள் பக்கத்துக் கோயில்களுக்கும் அங்கிருந்துதான் சாமியார்கள் வருவார்கள். தாத்தா விடுமுறை முடிந்து திரும்பும்போது மூட்டையில் முந்திரிக்கொட்டை கொண்டுபோவார். எல்லையில் சுங்கக்காரர்கள் மூட்டையை அவிழ்க்கச் சொல்வார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அப்பாவும் சித்தப்பாவும் புதுச்சேரியில் பிறந்தவர்கள். நானும் அங்கேதான் பிரெஞ்சில் படித்தேன். பள்ளியில் முந்திரியைக் 'கஜூ' என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிரேசில் நாட்டுப் பழங்குடிகள் வைத்த பெயர் அது. போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் மரத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கோடை விடுமுறையில் விருத்தாசலம் வழியாக ஊருக்கு வந்து தோப்பில் பழம் பொறுக்கும்போது 'கஜூ' மறந்துபோகும்.

1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 'ஒப்ஸியோன்' என்பார்கள். சித்தப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. இருவருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. கப்பலேறுமுன் சித்தப்பா ஊருக்கு வந்து இந்தத் திண்ணையில் ஓரிரவு படுத்துவிட்டுப் போனார். பிறகு அவர் வரவேயில்லை.

1979-இல் யு.டி.ஆர். திட்டம் தொடங்கி நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது தோப்புப் பட்டாவில் தாத்தா பெயரே ஏறியது. அவர் காலமாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. சொல்ல ஊரில் ஆளில்லை. தொண்ணூறுகளில் ஜெயங்கொண்டம் பக்கம் பழுப்பு நிலக்கரிக்காக நிலம் எடுத்தபோது, 'பட்டா யார் பெயரில்?' என்பதே சுற்றுவட்டாரத்தில் பேச்சு. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. 36 வருஷம் அரசு எழுத்தராக ஊரார் கோப்பையெல்லாம் நகர்த்தினேன். என் வீட்டுக் கோப்பைத் திறக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஓடுகள் சரிந்து மழைநீர் முற்றத்துச் சுவரை அறுக்கத் தொடங்கியதும்தான் விழித்தேன். பழுது பார்க்கப் பங்காளிகள் பணம் தர வேண்டும். பணம் தர, பாகம் தெரிய வேண்டும். பாகம் பிரிக்கச் சித்தப்பாவின் வாரிசுகள் கையெழுத்து வேண்டும்.

சித்தப்பா மகள் பிரான்சிலிருந்து தகப்பனாரின் இறப்புச் சான்றிதழை அப்போஸ்டில் முத்திரையோடு அனுப்பினாள். பிரெஞ்சில் இருந்தது. நான் வாசித்துவிடுவேன், அலுவலகத்துக்கு அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பு வேண்டும். அதற்கு முன் நானே உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் எழுதிப் பார்த்தேன். பிறந்த இடம் புதுச்சேரி, இறந்த இடம் பிரான்ஸ். வரதராஜன்பேட்டை அதில் எங்குமே இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பவர் பத்திரம் வந்து, பாகப்பிரிவினை பதிவாகி, பட்டா மாற இரண்டு வருஷம் ஆயிற்று. போன தை மாதம் அவள் வந்தாள். திண்ணையில் உட்கார்ந்து, "அப்பா படுத்த இடம் எது, அண்ணா?" என்று கேட்டாள். காட்டினேன். தன் பாகத்தை விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பூர்வீக வீட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். அதில் தாத்தா பெயர் இருந்தால், எல்லை தெரிந்தவர்களும் உறவு தெரிந்தவர்களும் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். மாவட்டம் மாறினால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். பட்டா மாற நாம்தான் நடக்க வேண்டும்.